சாண்டிக்கு மறுத்தவர்கள் ஹார்விக்குக் கேட்டபோது: எங்கள் குடும்பக் குழுவில் ஓர் உரையாடல்

பெரியப்பா:
அமெரிக்கப் புயல் நிவாரணம் பற்றி எனக்கு ஒரு செய்தி வந்தது. 2013-இல் நியூ ஜெர்சிக்குப் பணம் தரக் கூடாது என்று வாக்களித்த டெக்சாஸ்காரர்கள், 2017-இல் ஹார்வி புயலில் தங்கள் ஊர் மூழ்கியதும் அதே அரசிடம் பணம் கேட்டார்களாம். அந்த இரண்டு மாநிலத்திலும் நம் வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறீர்கள். இது உண்மைதானா, யாரேனும் கட்டிவிட்ட கதையா?

எடிசன் சித்தப்பா:
உண்மைதான் அண்ணா. சாண்டி புயல் 2012 அக்டோபர் 29 அன்று எங்கள் நியூ ஜெர்சி மாநிலத்தில் கரையேறியது. கடற்கரை ஊர்களில் வீடிழந்தவர்கள் உறவினர் வீடுகளில் குளிர்காலத்தைக் கழித்துக்கொண்டிருந்த நேரத்தில், புத்தாண்டு இரவு பிரதிநிதிகள் சபையில் நடக்கவிருந்த வாக்கெடுப்பைச் சபாநாயகர் ஜான் பெய்னர் நிறுத்திவிட்டார். மறுநாள் அவருடைய சொந்தக் கட்சிக்காரரான எங்கள் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டியே செய்தியாளர்கள் முன் அவரைப் பெயர் சொல்லிக் கண்டித்தார். ஜனவரி 15 அன்றுதான் சுமார் 5,000 கோடி டாலருக்கான மசோதா 241-க்கு 180 என்ற கணக்கில் சபையில் நிறைவேறியது. எதிர்த்த 180 பேரில் 179 பேர் குடியரசுக் கட்சியினர். டெக்சாஸிலிருந்து வந்த அக்கட்சி உறுப்பினர்களில் ஆதரித்தவர் ஹூஸ்டனின் ஜான் கல்பர்சன் ஒருவரே. செனட்டில் டெக்சாஸின் டெட் குரூஸ், ஜான் கார்னின் இருவருமே எதிர்த்தார்கள்.

யாழினி:
எதிர்த்தவர்கள் என்ன காரணம் சொன்னார்கள் சித்தப்பா? வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாதல்லவா?

ஹூஸ்டன் அத்தை:
இதற்கு நான் பதில் சொல்கிறேன் யாழினி. என் மாநிலத்துக்காரர்கள் பேசியது என்பதால் எனக்கு அதிகம் வலிக்கிறது. இரண்டு காரணங்கள் சொன்னார்கள். முதலாவது, புயலுக்குக் கொடுக்கும் தொகைக்கு ஈடாக வேறு செலவுகளைக் குறைக்க வேண்டும் என்பது. தென் கரோலினாவின் மிக் மல்வேனி, அரசின் பிற ஒதுக்கீடுகளில் 1.63 சதவீதத்தை வெட்ட வேண்டும் என்று ஒரு திருத்தம் கொண்டுவந்து தோற்றார். அதே மல்வேனி 2017-இல் வெள்ளை மாளிகையின் வரவுசெலவு அலுவலகத்துக்குத் தலைவராக இருந்தார்; ஹார்விக்காக நாடாளுமன்றத்திடம் முதலில் பணம் கேட்டது அவருடைய அலுவலகம்தான். அப்போது எந்த வெட்டும் கேட்கப்படவில்லை.

ஹூஸ்டன் அத்தை:
இரண்டாவது காரணம், மசோதாவில் புயலுக்குத் தொடர்பில்லாத செலவுகள் திணிக்கப்பட்டிருந்தன என்பது. அதில் துளி நியாயம் இருக்கிறது. செனட் முதலில் எழுதிய வடிவத்தில் அலாஸ்கா வரையிலான மீன்பிடிப் பகுதிகளுக்கும் பணம் இருந்தது. ஆனால் மூன்றில் இரண்டு பங்கு சாண்டிக்குத் தொடர்பில்லாதது என்று குரூஸ் 2017-இல் சொன்னது சரியல்ல. பெரும்பகுதி பாதிக்கப்பட்ட இடங்களைச் சீரமைக்கவும் அடுத்த புயலில் அவை தாக்குப்பிடிக்கவும் ஒதுக்கப்பட்ட பணம். கடல் மட்டத்திலிருக்கும் ஊரை மறுபடியும் அதே உயரத்தில் கட்டிவிட்டு வருவது எந்த வகையில் சிக்கனம்?

பெரியப்பா:
அப்படியானால் 2017-இல் நியூ ஜெர்சிக்காரர்கள் பழி தீர்த்துக்கொண்டார்களா?

எடிசன் சித்தப்பா:
இல்லை அண்ணா, அதை நான் மனநிறைவோடு சொல்கிறேன். எங்கள் பக்கத்து மாநிலமான நியூ யார்க்கின் பீட்டர் கிங், பழையதை நினைவுபடுத்திவிட்டு, ஆனாலும் டெக்சாஸைக் கைவிட மாட்டேன் என்றார். முதல் தவணையான 1,525 கோடி டாலர், புயல் கரையேறிய இரண்டே வாரத்தில், செப்டம்பர் 8 அன்று 316-க்கு 90 என்று நிறைவேறியது. அரசின் கடன் வரம்பை நீட்டிப்பதையும் அதே மசோதாவில் சேர்த்திருந்ததால், டெக்சாஸ் குடியரசுக் கட்சியினரிலேயே நான்கு பேர் எதிர்த்தார்கள். சொந்த மாநிலம் தண்ணீரில் நிற்கும்போதும் அப்படித்தான்.

ஹூஸ்டன் அத்தை:
அண்ணா, அந்தச் செய்தி வாக்கெடுப்போடு நின்றுவிடுகிறது. எங்களுக்கு அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிய பாடு. நாங்கள் இருக்கும் மேயர்லேண்ட் பகுதி ப்ரேஸ் பயூ என்ற கால்வாய்க்கு அருகில் உள்ளது. 2015, 2016, 2017 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து இங்கே வீடுகளுக்குள் வெள்ளம் வந்தது. மத்திய வெள்ளக் காப்பீட்டில் வீட்டுக்கு 2,50,000 டாலர் வரை கிடைக்கும். அது இல்லாதவர்களுக்கு மத்திய அரசின் பேரிடர் உதவி அமைப்பான ஃபீமா தந்த உதவியின் உச்ச வரம்பு அப்போது 33,300 டாலர்; பலருக்கு அதில் சிறு பகுதிதான் வந்தது. அதனால் எல்லோரும் நம்பியிருந்தது, வெள்ளமே வராமல் தடுக்கும் பணிகளுக்கான பணத்தை. 2018 ஆகஸ்ட் 25, ஹார்வி கரையேறிய முதலாம் ஆண்டு நாளில், ஹூஸ்டன் அடங்கிய மாவட்டமான ஹாரிஸ் கவுண்டியின் மக்கள் 250 கோடி டாலர் கடன்பத்திரத்துக்குப் பெரும்பான்மையாக ஒப்புதல் தந்தோம். எங்கள் சொத்து வரியிலிருந்து அதை அடைக்கிறோம். மத்திய அரசின் பங்கும் வந்து சேரும் என்பதே கணக்கு.

யாழினி:
வந்து சேர்ந்ததா அத்தை?

ஹூஸ்டன் அத்தை:
வெள்ளத் தடுப்புக்கென்று டெக்சாஸுக்கு சுமார் 430 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. நாடாளுமன்றம் 2018 பிப்ரவரியில் ஒப்புதல் தந்த பணத்துக்கு, மத்திய வீட்டுவசதித் துறை விதிகளை வெளியிட்டது 2019 ஆகஸ்டில். பிறகு மாநில நில அலுவலகம் ஒரு போட்டி நடத்தி, 2021 மே மாதம் சுமார் 100 கோடி டாலரைப் பங்கிட்டது. அதில் ஹூஸ்டன் நகரத்துக்கும் ஹாரிஸ் கவுண்டிக்கும் ஒரு டாலர்கூட இல்லை. ஒரு திட்டத்தால் பயன்பெறுவோர் விண்ணப்பித்த ஊரின் மொத்த மக்கள்தொகையில் எத்தனை சதவீதம் என்று பார்த்து மதிப்பெண் போட்டார்கள். சிற்றூர் ஒன்றில் ஆயிரம் பேரைக் காக்கும் திட்டம் முழு மதிப்பெண் பெறும். இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும் ஹூஸ்டனில் பல்லாயிரம் பேரைக் காக்கும் திட்டம் அடிமட்ட மதிப்பெண் பெறும். இந்த விதிகள் இன அடிப்படையில் பாகுபாடாக அமைந்தன என்று மத்திய வீட்டுவசதித் துறை 2022 மார்ச்சில் முடிவு செய்தது. மாநிலத்தை ஆண்டது ஒரு கட்சி, நகரமும் கவுண்டியும் இன்னொரு கட்சியின் கையில். அதையும் சேர்த்துப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

எடிசன் சித்தப்பா:
பங்கீடு என்றாலே இப்படித்தான் அக்கா. இங்கேயும் சாண்டி நிதியிலிருந்து 2.5 கோடி டாலரைச் சுற்றுலா விளம்பரத்துக்குச் செலவிட்டார்கள். ஆளுநர் மறுதேர்தலில் நின்ற ஆண்டில் அவரும் அவர் குடும்பமும் அதில் தோன்றினார்கள். எங்களுக்கு அருகிலுள்ள சேர்வில் நகரில் அடிக்கடி மூழ்கும் வீடுகளை மாநில அரசு விலைக்கு வாங்கி இடித்து நிலத்தை ஆற்றுக்கே விட்டதே, அந்த வேலைக்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும் என்பேன்.

பெரியப்பா:
எனக்கு ஒன்று புரியவில்லை. ஆண்டுதோறும் புயல் வரும் நாட்டில், ஒவ்வொரு முறையும் ஏன் புதிதாக வாக்கெடுப்பு நடத்துகிறார்கள்?

ஹூஸ்டன் அத்தை:
சரியான இடத்தைத் தொட்டீர்கள் அண்ணா. ஃபீமாவுக்கு நிரந்தரமான பேரிடர் நிதி இருக்கிறது. அது உடனடி மீட்புக்கும் சாலை, பாலம், பள்ளிக்கூடம் சரிசெய்யவும் போகும். ஏழைகளின் வீடுகளைக் கட்டித்தர வேண்டிய வீட்டுவசதித் துறை நிதிக்கு அப்படி நிரந்தரச் சட்டம் இல்லை. ஒவ்வொரு பேரிடருக்கும் நாடாளுமன்றம் தனியாக ஒதுக்கி, துறை விதிகளைப் புதிதாக எழுதி, மாநிலம் திட்டம் தீட்டி அனுப்பி, அதற்குப் பிறகே பணம் இறங்குகிறது. இந்த இடைவெளியில்தான் கட்சிகள் பேரம் பேசுகின்றன. இதைச் சட்டமாக்க ஹூஸ்டன் உறுப்பினர் அல் கிரீன் கொண்டுவந்த மசோதா 2019-இல் பிரதிநிதிகள் சபையில் இரு கட்சியினரின் ஆதரவோடும் நிறைவேறியது. செனட்டில் அது நின்றுபோனது.

யாழினி:
அப்படியானால் குரூஸையும் கார்னினையும் 2013 வாக்குக்காகக் கேட்பதைவிட இந்த மசோதாவைப் பற்றிக் கேட்பதுதானே முறை?

ஹூஸ்டன் அத்தை:
இரண்டையும் சேர்த்தே கேட்டு இருவருக்கும் எழுதியிருக்கிறேன் யாழினி. தம்பி, நீயும் உன் மாநிலத்து செனட்டர்களுக்கு எழுது. என் கடிதத்தின் படியை இரவுக்குள் இந்தக் குழுவிலேயே போடுகிறேன்.