ரேக்பேக் கணக்கு: மேசையில் இருக்கும் ஆட்களால் வகுத்தால் போதுமா?

கீழக்கரை_பேரேடு:
லண்டனில் இருக்கும் என் மச்சான் அங்கே உரிமம் உள்ள ஒரு தளத்தில் போக்கர் ஆடுகிறார். ரேக்பேக் (ஒவ்வொரு ஆட்டத்திலும் தளம் எடுக்கும் கமிஷனான ரேக்கில் ஆடுபவருக்குத் திருப்பித் தரும் பங்கு) 30% என்று சொல்லித்தான் சேர்த்தார்களாம், ஆனால் மாதக் கடைசியில் வருவது அவர் எதிர்பார்ப்பதில் பாதிகூட இல்லை. பி.காம். படித்த பாவத்துக்கு ஹேண்ட் ஹிஸ்டரி, அதாவது அவர் ஆடிய ஒவ்வொரு கையின் (சுற்றின்) பதிவு முழுவதையும் என் தலையில் கட்டிவிட்டார். ஒவ்வொரு கையிலும் எடுத்த ரேக்கை மேசையில் இருக்கும் ஆறு பேருக்கும் சமமாகப் பிரித்து அதில் 30% என்கிறார். சரியா?

தொண்டிக்காரன்:
அது பழைய முறை தம்பி, டெல்ட் என்பார்கள். சீட்டு வாங்கிய எல்லோருக்கும் சம பங்கு, ஃபோல்டு செய்துவிட்டு (காசு போடாமல் கையை விட்டுவிட்டு) சும்மா உட்கார்ந்திருந்தவருக்கும் உண்டு. இப்போது பெரும்பாலும் வெயிட்டட் கான்ட்ரிப்யூட்டட்தான், அவரவர் போட்ட காசின் விகிதத்தில் பிரிப்பது; போக்கர்ஸ்டார்ஸ்கூட 2012இல் இதற்கு மாறியது.

பாட், அதாவது அந்தக் கையில் எல்லோரும் போட்ட மொத்தக் காசு 60 பவுண்டு, ரேக் 5%, அதாவது 3 பவுண்டு என்று வை. இருவர் 25, 25 போட்டார்கள், இன்னொருவர் 10 போட்டுவிட்டு இடையில் விட்டுவிட்டார், மற்ற மூவர் ஒன்றும் போடவில்லை. டெல்ட் என்றால் ஆறு பேர் பெயரிலும் 50 பென்ஸ் ஏறும். வெயிட்டட் என்றால் 25 போட்டவர்களுக்கு 1.25, பத்து போட்டவருக்கு 50 பென்ஸ், மற்றவர்களுக்குப் பூஜ்யம். இந்தத் தொகையில்தான் 30%. பாட்டில் காசு போட்ட எல்லோருக்கும் சமமாகப் பிரிக்கும் முறையும் உண்டு, அதில் மூவருக்கும் ஆளுக்கு 1 பவுண்டு. ஃப்ளாப் (மேசையில் திறக்கும் முதல் மூன்று பொதுச் சீட்டுகள்) வராமலே முடிந்த கைகளில் பொதுவாக ரேக்கே எடுப்பதில்லை, அவற்றைக் கழித்துவிடு. மச்சான் நல்ல கைக்காகக் காத்திருந்து ஆடுபவரா?

கீழக்கரை_பேரேடு:
ஆமாண்ணே, பிளைண்ட் (முறை வரும்போது கட்டாயமாகப் போடும் காசு) மட்டும் போட்டுவிட்டு மணிக்கணக்கில் ஃபோல்டுதான். கஞ்சர்.

பாம்பன்_ஐஸ்பெட்டி:
அப்போ பாதி விடை கிடைத்துவிட்டது பாய், வெயிட்டட் முறையில் குறைவாகப் போடுபவர் பெயரில் குறைவாகத்தான் ஏறும். மீதி, 30% எதன் மேல் என்பதில் இருக்கிறது. நம்ம விசைப்படகில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்துவிட்டுத்தானே பங்கு பிரிக்கிறார்கள், அதேபோல பல தளங்கள் அவருக்குக் கொடுத்த போனஸ், இலவச டிக்கெட் எல்லாவற்றையும் ரேக்கில் கழித்துவிட்டு மிச்சத்துக்குத்தான் சதவீதம் போடும். விளம்பரத்தில் 30% மட்டும் பெரிய எழுத்தில் இருக்கும். விதிமுறையில் கிராஸா (மொத்த ரேக்), நெட்டா (கழித்த மிச்சம்) என்று பாருங்கள், நெட் என்றால் போனஸ் வாங்கிய மாதத்தில் ரேக்பேக் இளைத்துத்தான் வரும்.

அப்புறம், கணக்குப் பார்க்கிற சூட்டில் நீங்களும் இங்கே இந்தியாவிலிருந்து ஆட இறங்கிவிடாதீர்கள். 2025 ஆகஸ்டில் வந்த மத்திய சட்டப்படி காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டத்தை நடத்துவதும், அதற்குப் பணம் கைமாற்றிக் கொடுப்பதும் குற்றம். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை என்றாலும், மாட்டிக்கொண்ட காசை எவனிடம் போய்க் கேட்பீர்கள்?

கீழக்கரை_பேரேடு:
எனக்கு எக்செல் போதும் பாய். டோர்னமென்டுக்கும் இதே வகுத்தலா?

தொண்டிக்காரன்:
இல்லை, அது சுலபம். நுழைவுக் கட்டணம் 100+10 என்று இருந்தால் 100 பரிசுத் தொகைக்குப் போகும், 10 அவர் பெயரில் முழு ரேக். அதை எக்செலில் தனி நெடுவரிசையில் போடு.