மறு: பிரேக்கில் ‘ப்ளீடிங்’: காற்றெடுப்பா, மடைதிறப்பா?

அண்ணாச்சிக்கு வணக்கம். பிரேக் குழாயில் உள்ள பழைய திரவத்தையோ காற்றையோ சக்கரத்தருகே சின்னத் திருகைத் திறந்து வெளியேற்றுகிற ‘ப்ளீடிங்’ வேலைக்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோமே, அதற்கு நீங்கள் எழுதியதை ஒவ்வொன்றாக எடுத்துப் பதில் சொல்கிறேன்.

> ‘குருதிவடிப்பு’ சரிவராது. பட்டறையில் ‘ஏர் எடுக்கணும்’ என்றுதான் சொல்கிறார்கள். ‘காற்றெடுப்பு’ என்றே வைத்துவிடலாம்.

குருதியைக் கைவிட்டதற்கு முதலில் நன்றி. காருக்கு ரத்தக்கொதிப்பா என்று வீட்டில் கேட்டுவிட்டார்கள். ஆனால் காற்றெடுப்பும் எனக்கு முழுதாக ஒட்டவில்லை.

போன ஞாயிறு என் பழைய காருக்கு வாசலில் வைத்தே பிரேக் ஆயில் மாற்றினேன். வண்டி 1,80,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. இந்த வயதில் பட்டறைக்குப் போகிற செலவில் பாதியை வீட்டிலேயே மிச்சம் பிடிக்கலாம். தம்பி மகன் பெடலை மிதித்துப் பிடிக்க, நான் சக்கரத்தடியில் படுத்துக்கொண்டு நிப்பிளை (அந்தச் சின்னத் திருகை) கால் சுற்று திறந்தேன். உள்ளே தெரிகிற டியூபில் வந்தது காற்று இல்லை, கருப்பட்டிக் காப்பி நிறத்தில் பழைய திரவம். புதுசு வெளிர்மஞ்சளாக வரும்வரை மிதி, திற, மூடு, விடு என்று நாலு சக்கரத்துக்கும் செய்தோம். இடையிடையே மேலே பிரேக் திரவம் நிற்கிற டப்பாவில் புதுசை ஊற்றிக்கொண்டே இருந்ததும் காற்று புகுந்துவிடக் கூடாது என்றுதான். காற்றை உள்ளே விடாமல் செய்த வேலைக்குக் காற்றெடுப்பு என்று எப்படிப் பெயர் வைப்பது?

மாற்றுவதன் காரணமும் காற்று இல்லை, ஈரம். இந்தத் திரவம் ஈரத்தை இழுக்கும். டாட் 4 (DOT 4) என்ற தரவகை புதிதில் 230 பாகை செல்சியஸுக்குக் கீழே கொதிக்கக் கூடாது; 3.7 சதவீதம் அளவுக்கு நீர் ஏறிவிட்டால் தரநிலை கேட்பதே 155 பாகைதான். மாஞ்சோலை மலையிலிருந்து மணிமுத்தாற்றுக்கு பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால், அந்தச் சூட்டில் கொதித்து ஆவியாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். அப்புறம் பெடல் பஞ்சாகி அடியோடு போய்விடும். பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்வது இதனால்தான்.

ஆகவே, வெளியே வருவது எது என்பதை விட்டுவிட்டு, கை செய்கிற வேலையைப் பார்த்துப் பெயர் வைக்கலாம். பின்னால் அழுத்தம் கட்டி நிற்கிறது. சின்ன வாயைத் திறந்ததும் பாய்கிறது. மூடிய பிறகுதான் காலை எடுக்க வேண்டும், இல்லையென்றால் காற்றை உறிஞ்சிக்கொள்ளும். பாளையங்கால்வாய்ப் பக்கம் வளர்ந்தவனுக்கு இது மடை அல்லாமல் வேறென்ன? அந்த நிப்பிள் ‘மடைத்திருகு’, வேலை ‘மடைதிறப்பு’. (திறக்கிறவனை என்னவென்று கூப்பிடுவது என்று மட்டும் யாரும் கேட்க வேண்டாம்.)

> மடை வயலுக்குப் பாய்ச்சத் திறப்பது. வேண்டாததை வெளியே விடுவது மறுகால் அல்லவா?

நல்ல கேள்வி, ஒரு நாள் முழுக்க யோசித்தேன். ஆனால் மறுகால், குளம் பெருகினால் தானாகப் பாய்வது. அதை ஸ்பேனர் போட்டுத் திறக்க முடியாது. டப்பாவில் அதிகம் ஊற்றி வழிந்தால் வேண்டுமானால் மறுகால் பாய்ந்தது என்று சொல்லுங்கள். அப்படி வழிந்தால் பெயின்ட் உரியும், உடனே தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள்.

காற்றெடுப்பைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. காலிப்பரை (சக்கரத்தில் பிரேக் கட்டைகளை அழுத்துகிற பாகத்தை) குழாயோடு கழற்றி மாட்டினால் உள்ளே உண்மையிலேயே காற்று புகும். அதை வெளியேற்றும்போது அந்தச் சொல் கச்சிதம். அங்கே மடைதிறப்பு வழி, காற்றெடுப்பு நோக்கம்.

> ‘பிரேக் ஆயில்’ = நிறுத்தெண்ணெய்?

இதற்கு மட்டும் ஒப்பவே மாட்டேன். பட்டறையில் எப்படிச் சொன்னாலும் அது எண்ணெய் அல்ல, டாட் 3, டாட் 4 எல்லாம் கிளைக்கால் (glycol) என்ற வேதிப்பொருள் வகை. எங்கள் தெருவில் ஒரு பையன் ‘ஆயில்தானே’ என்று மிச்சமிருந்த எஞ்சின் ஆயிலை அந்த டப்பாவில் ஊற்றிவிட்டான். ரப்பர் எல்லாம் உப்பி, பெடல் பக்கத்து மாஸ்டர் சிலிண்டரிலிருந்து சக்கரத்து ஹோஸ் வரை மாற்ற வேண்டியதாயிற்று. பேச்சில் இருக்கிற தப்பை நாமே அகராதியில் ஏற்றக் கூடாது. ‘பிரேக் நீர்மம்’ போதும். ‘ஃப்ளூயிட்’ என்பதற்குப் பாய்மம் என்று வைத்தால் வாயுவும் அதில் அடங்கிவிடும், இங்கே வாயுதான் எதிரி.

மடைத்திருகின் வாயில் தூசி போகாமல் மாட்டுகிற சின்ன ரப்பர் மூடிக்கு இன்னும் சொல் இல்லை. ‘தொப்பி’ என்றே விட்டுவிடலாமா, அண்ணாச்சி?