வளவுக் குழு: சனிக்கிழமை நாலு மணி

பெரியம்மா: எல்லாரும் பாருங்கள். சனிக்கிழமை அம்மாவின் ஆண்டுத் திவசம். குருக்கள் பத்து மணிக்கு வருவார். சாப்பாடு பன்னிரண்டரைக்கு. பெரிய கிடாரம் யாரிடம்?

சின்னம்மா: எங்களிடம் இல்லை

நான்: பெரியம்மா, நான் மூன்றரைக்கு வெளிக்கிட வேண்டும். கல்லடியில் நாலு மணிக்கு வகுப்பு. முதல் நாள்.

பெரியம்மா: என்ன வகுப்பு? சோதனைதான் முடிந்துவிட்டதே

நான்: ஜுஜிட்சு

சின்னம்மா: அது என்ன, சாப்பாடா?

அண்ணன்: அடிபிடி சின்னம்மா

அம்மா: நான் இன்னும் ஓம் சொல்லவில்லை. தானே போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறாள்.

கனடா மாமா: அடிபிடி இல்லை. கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். இது ஜப்பானியச் சாமுராய்களின் கலை. வாள் கையை விட்டுப் போய்விட்டால், கவசம் போட்டு நிற்பவனைக் குத்தி என்ன பயன்? பிடித்து நிலைகுலைத்து விழுத்த வேண்டும், மூட்டைப் பூட்ட வேண்டும். தகெனோஉச்சி என்ற பரம்பரை 1532இல் தொடங்கியதாகச் சொல்வார்கள். 1876இல் அங்கே வாள் கட்டத் தடை வந்தது. சாமுராய்க்கே மதிப்பில்லை, அவன் கலைக்கு யார் வருவார்? அப்புறம் கானோ ஜிகோரோ என்ற வாத்தியார் ஜுஜிட்சுவைப் பழகி, ஆபத்தான பிடிகளை ஒதுக்கி வைத்து, 1882இல் ஜூடோவைத் தொடங்கினார். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் சேர்த்தது அதைத்தான். பிரேசில் ஜுஜிட்சு என்று யூடியூபில் பார்ப்பது அந்த ஜூடோவில் இருந்து கிளைத்தது, அதில் பெரும்பாலும் தரையில் கிடந்துதான் மல்லுக்கட்டு. ஜப்பானிய முறையில் அடி, எறிதல், பூட்டு, நெரிப்பு எல்லாம் கலந்து வரும். ஆகவே மகள் முதலில் கேட்க வேண்டியது என்னவென்றால்

சின்னம்மா: அண்ணா கிடாரம்?

கனடா மாமா: நான் கனடாவில் இருக்கிறேன்

சின்னம்மா: போன முறை வந்தபோது கூட்டாளிமாருக்கு ஆட்டுக்கறி காய்ச்ச எடுத்தது நீங்கள்தான்

அண்ணன்: கோழிக்கூட்டுக்குப் பின்னால் கிடக்கிறது. அடியில் ஓட்டை.

அம்மா: நெரிப்பு என்றால்? கழுத்தையா?

நான்: அது இப்போதைக்கு இல்லை அம்மா. முதலில் விழத்தான் பழக்குவார்களாம்.

பெரியம்மா: விழுவதற்கா காசு கட்டுகிறாய்? நான் சும்மாவே விழுகிறேன்

சித்தப்பா: பழகட்டும். நானும் ஒரு காலத்தில் கராத்தே பழகினவன்தான்.

அண்ணன்: ஓடு

அம்மா: ஓடு

சித்தப்பா: அது சீமெந்து ஓடு என்று ஒருவரும் சொல்லவில்லை

அம்மா: ஓடு உடையவில்லை, கைதான் உடைந்தது. அதுவும் எங்கள் முகட்டில் இருந்து கழற்றின ஓடு. இன்றைக்கும் மாரிக்கு அந்த மூலை ஒழுகுகிறது.

சின்னம்மா: வீடு யாருக்கு எழுதியதோ அவர்கள் திருத்தலாமே

பெரியம்மா: எழுதின வீட்டில் வைத்துக் கடைசி வரைக்கும் அம்மாவைப் பார்த்ததும் நான்தான்

(சின்னம்மா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

சித்தப்பா: உழுந்து எத்தனை கிலோ வாங்க?

கனடா மாமா: விழுவதைச் சிரிக்க வேண்டாம். அக்கா, கிணற்றடியில் வழுக்கினபோது நீங்கள் கையை ஊன்றினீர்கள். முழுப் பாரமும் மணிக்கட்டில் இறங்கியது. முறிந்தது. எல்லாருக்கும் அப்படித்தான் கை தானாக நீளும். இவர்கள் அந்தப் பழக்கத்தைத்தான் முதலில் மாற்றுவார்கள். உகெமி என்பது அதுதான். பின்பக்கம் விழும்போது நாடியை நெஞ்சோடு ஒட்ட வேண்டும், அப்போது பின்மண்டை அடிபடாது. முதுகை வளைத்து உருள வேண்டும். கையை ஊன்றாமல், உடம்பில் இருந்து கொஞ்சம் விலக்கி, உள்ளங்கையும் முன்கையும் ஒன்றாகப் படும்படி மெத்தையில் அறைய வேண்டும். முதலில் குந்தியிருந்து செய்விப்பார்கள், பிறகுதான் நின்று. அலுப்பாக இருக்கும். அலுத்துப்போய் விட்டுவிடாதே மகள், அது வராமல் எறிதலுக்குப் போனால் அடிபடுவாய்.

பெரியம்மா: மழைக் குணம் வந்தால் மணிக்கட்டு இன்னும் உளைகிறது

சித்தப்பா: உழுந்து?

பெரியம்மா: மூன்று

அம்மா: பழக்குவது ஆணா பெண்ணா?

நான்: ஆண்தான், ஒரு சேர். ஆனால் பெண்பிள்ளைகளைப் பெண்பிள்ளைகளோடுதான் சோடி சேர்ப்பாராம். வீட்டுக்காரர் வந்து இருந்து பார்க்கலாமாம்.

கனடா மாமா: நான் கேட்கச் சொல்ல வந்ததும் அதுதான். இன்னொன்று. வலித்தால் தட்ட வேண்டும், தட்டினவுடன் மற்றவர் விட வேண்டும். அங்கே அதைக் கண்டிப்பாகப் பார்க்கிறார்களா என்று கவனி. தட்டியும் விடாத இடமென்றால் அன்றைக்கே திரும்பி வா. நகம் வெட்டு. காப்பு, தோடு ஒன்றும் வேண்டாம்.

பெரியம்மா: உடுப்புக்கு எவ்வளவு?

நான்: இப்போதைக்கு ரீசேட்டும் காற்சட்டையும் போதுமாம். இது கூட்டாளியின் உடுப்பு, சும்மா போட்டுப் பார்த்தேன்

(நான்: படம்)

அண்ணன்: பொங்கல் பானைக்குத் துணி சுற்றின மாதிரி

கனடா மாமா: மகள், மடிப்பு பிழை! இடப்பக்கம்தான் மேலே வர வேண்டும். வலப்பக்கத்தை மேலே போட்டு உடுத்துவது ஜப்பானில் செத்தவர்களுக்கு.

அம்மா: கழற்று

பெரியம்மா: திவசக் கிழமையில் இது என்ன வேலை. படத்தை அழி

சித்தப்பா: வெள்ளை வேறு

நான்: மாற்றிக் கட்டிவிட்டேன்

(நான்: படம்)

கனடா மாமா: இப்போது சரி. பட்டியின் முடிச்சைப் பிறகு காட்டித் தருகிறேன். வீடியோவில் வா.

சின்னம்மா: பொறுங்கள். கழுத்தில் கிடப்பது அம்மாவின் சங்கிலியா?

அண்ணன்: போச்சு

சின்னம்மா: பெரியக்கா, அது வங்கியில் இருக்கிறது என்று சொன்னீர்கள்

பெரியம்மா: அம்மாவே பேத்திக்குப் போட்டது. நீ அன்றைக்கு வரவில்லை

சின்னம்மா: ஏன் வரவில்லை என்றும் சொல்லுங்கள்

(அம்மா: குரல் செய்தி, 4 நிமிடம்)

கனடா மாமா: இதைக் குழுவில் கதைக்க வேண்டாம். திவசம் முடியட்டும்

சின்னம்மா: உங்களுக்கென்ன அண்ணா, அங்கே இருந்து எழுதுவீர்கள்

அண்ணன்: மூன்றரைக்கு நான் மோட்டார் சைக்கிளில் ஏற்றுகிறேன். திரும்பி வரும்போது என்னால் ஏலாது, கதிரை ஏற்ற வேண்டும்.

அம்மா: நான் இன்னும் ஓம் சொல்லவில்லை

பெரியம்மா: போகட்டும் விடு. படையல் முடிந்து, சாப்பிட்டுவிட்டுப் போகட்டும்

கனடா மாமா: வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு உருள ஏலாது அக்கா

பெரியம்மா: அம்மாவின் திவசத்தில் சாப்பிடாமல் போவதா?

நான்: கொஞ்சமாகச் சாப்பிடுகிறேன். ஐந்தரைக்கு முடியும். யார் வருவது?

சித்தப்பா: நான் வரலாம். காத்தான்குடியில் ஒரு வேலையும் இருக்கிறது. பார்ப்போம்

நான்: சித்தப்பா பார்ப்போம் என்றால்?

சின்னம்மா: அவர் வரமாட்டார். நான் வருகிறேன், சங்கிலியைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு வகுப்புக்குள் போ