மறு: ‘ஹேண்ட்கார்ட்’, ‘ரெயில்’ இரண்டுக்கும் ஒரே சொல் போதுமா?

அன்புடையீர், வணக்கம்.

தம் தேவைக்கேற்ப உறுப்புகளைத் தேர்ந்து ரைபிள் கட்டுவோருக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கும்போது ‘ஹேண்ட்கார்ட் ரெயில்’ என்ற தொடரில் சிக்கிக்கொண்டு, சொல் கேட்டு எழுதியிருந்தேன். கைக்காப்பு, குழலுறை, கைத்தண்டவாளம், பற்சட்டம் என்று நான்கு பரிந்துரைகள் வந்துள்ளன. அந்த உறுப்பு என்ன வேலை செய்கிறது என்பதை நான் அப்போதே விளக்கியிருக்க வேண்டும். விளக்காததால்தான் பரிந்துரைகள் நான்கு திசைக்குப் போயிருக்கின்றன.

தொடர்ந்து சுட்டால் ரைபிளின் குழல் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடேறும். முன்னே பிடிக்கும் கை அந்தச் சூட்டைத் தொடாமல் துப்பாக்கியைத் தாங்குவதற்காகக் குழலைச் சுற்றி அமைத்ததே ஹேண்ட்கார்ட். அமெரிக்கப் படையின் எம்16 ரைபிளில் அது இரண்டு பாதிகளாக இருந்தது. பின்முனையை வில்சுருள் வைத்த வளையம் ஒன்றும், முன்முனையைக் குழலின்மீதே அமர்ந்த மூடி ஒன்றும் பிடித்துக்கொண்டன. 1990களில் அதன் குறுகிய வடிவமான எம்4 கார்பைனுக்கு நான்கு பக்கமும் பிக்கட்டினி ரெயில் (கருவிகளை மாட்டுவதற்கான, குறுக்கு வெட்டுகளுள்ள பட்டை) கொண்ட அலுமினிய ஹேண்ட்கார்ட் வந்ததும், கையைக் காத்த உறுப்பே விளக்கையும் முன்பிடியையும் குறிபார்க்கும் கருவியையும் மாட்டுகிற இடமாகவும் ஆயிற்று. பேச்சில் உறுப்பின் பெயர் முழுப்பொருளுக்கு ஏறி, ஹேண்ட்கார்டையே ‘ரெயில்’ என்று சொல்லத் தொடங்கினார்கள். நம் இலக்கணப்படி அது சினையாகுபெயர். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கருவிகளைத் துளைகளில் மாட்டும் கீமாட் முறை 2012இலும் எம்-லாக் முறை 2014இலும் வெளிவந்தபின் ஹேண்ட்கார்டின் பக்கங்களில் ரெயிலுக்குப் பதிலாக வெறும் துளைகள் வந்துவிட்டன. எம்-லாக்கில் நீண்ட துளைக்குள் நுழையும் ‘டி’ வடிவ நட்டு, திருகை முறுக்கும்போது 90 பாகை திரும்பி, சுவரின் உட்புறத்தைக் கவ்விக்கொள்கிறது. மேற்பக்கத்திலும்கூட முழுநீள ரெயில் இல்லாத மாதிரிகள் உண்டு. அவற்றையும் ‘ரெயில்’ என்றே விற்கிறார்கள். சினை போய்விட்டது, ஆகுபெயர் மட்டும் நிற்கிறது. இந்தக் குழப்பத்தை நாம் தமிழுக்கு இறக்கிக்கொள்ள வேண்டியதில்லை என்பதால், சுற்றி நிற்கும் பொருளுக்கு ஒரு சொல்லும் அதன்மேல் ஓடும் வெட்டுகளுள்ள பட்டைக்கு வேறொரு சொல்லும் வேண்டும் என்பது என் கருத்து.

‘கைக்காப்பு’ நேரான ஆக்கம்தான். ஆனால் காப்பு என்றவுடன் வளையல் நினைவுக்கு வரும். நாளிதழ் நடையில் ‘காப்பு மாட்டினர்’ என்றால் கைவிலங்கு என்று பொருள். துப்பாக்கி பற்றிய கையேட்டில் ‘அடுத்ததாகக் கைக்காப்பை மாட்டிக்கொள்க’ என்று எழுத எனக்குத் துணிவில்லை. வில்லாளர் விரலுறைக்கு வழங்கிய ‘புட்டில்’ என்ற பழஞ்சொல்லையும் எண்ணிப் பார்த்தேன். அழகான சொல், ஆனால் அது கையில் அணிவது. நாம் பேசுவது கருவியின் உறுப்பு.

‘குழலுறை’யைப் பரிந்துரைத்த ஐயாவுக்குச் சற்று விரிவாக மறுமொழி சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை ஏற்காததற்குக் காரணம் பொறியியலில் இருக்கிறது. வாளுறை, கையுறை, தலையணை உறை என்று எதை எடுத்தாலும், உறை என்பது தான் மூடும் பொருளின்மேல் படிந்து கிடப்பது. இன்று ரைபிள் கட்டுவோர் தேடும் ஹேண்ட்கார்டின் சிறப்போ குழலைத் தொடாமல் நிற்பதில் இருக்கிறது. குண்டு வெளியேறும்போது குழல் அதிர்கிறது. அந்த அதிர்வு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அமைந்தால் குண்டுகள் நெருங்கி விழும். பழைய அமைப்பில் தோள்வாரை இழுத்தாலோ இருகால் தாங்கியில் எடையைச் சாய்த்தாலோ, அந்த அழுத்தம் ஹேண்ட்கார்ட் வழியாகக் குழலுக்குப் போய், குண்டு விழும் இடத்தை நகர்த்திவிடும். அதனால் ஹேண்ட்கார்டைப் பின்முனையில் மட்டும், குழலை ரிசீவரோடு (சுடும் பொறி அடங்கிய உடற்பகுதி) இறுக்கும் நட்டின்மீது பொருத்தி, அங்கிருந்து முன்னே குழலை எதுவும் தொடாதபடி விடுகிறார்கள். இதை ஆங்கிலத்தில் மிதப்பதாகச் சொல்வது அவர்கள் வழக்கு. ‘மிதக்கும் குழல்’ என்று நாம் பெயர்த்தால், படிப்பவர் தண்ணீரைத் தேடுவார். ‘தொடா’ என்ற ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் நம்மிடம் இருக்கும்போது அந்த உருவகம் எதற்கு?

ஆகவே என் பரிந்துரை ‘பிடிகூடு’. மைக்கூடு, எலும்புக்கூடு, சிலந்திக்கூடு என்று தமிழில் கூடு எப்போதும் உள்ளே வெளி உள்ளதைக் குறிக்கிறது. பக்கங்களில் துளை இருந்தாலும் பெயர் பொய்யாகாது. இது வினைத்தொகை என்பதால் வல்லினம் மிகாது. ‘பிடிக்கூடு’ என்று ஒற்று மிகுத்து எழுதினால், பெண்யானையை அடைக்கும் கூடு என்றும் ஒருவர் பொருள் கொள்ளக்கூடும். குழலைத் தொடாத வகைக்குத் ‘தொடாப் பிடிகூடு’ என்றால் போதும்.

இனி ரெயில். தண்டவாளம் என்றால் அதன்மேல் ஏதாவது ஓட வேண்டும். இதன்மேல் வைத்தது நகரவே கூடாது. 1995இல் அமெரிக்கப் படைத்துறைத் தரமாக வெளிவந்த மில்-எஸ்டிடி-1913 வகுத்த பிக்கட்டினி ரெயிலில், 5.23 மில்லிமீட்டர் அகலமும் 3 மில்லிமீட்டர் ஆழமும் கொண்ட குறுக்கு வெட்டுகள், நடுவிலிருந்து நடுவுக்கு 10.01 மில்லிமீட்டர் இடைவெளியில் வருகின்றன. மாட்டும் கருவியின் குறுக்குத் தண்டு அந்த வெட்டில் உட்கார்ந்து, சுடும்போது ஏற்படும் பின்னுதைப்பில் கருவி வழுக்காமல் தடுக்கிறது. பழைய வீவர் வகையில் வெட்டின் அகலம் 4.57 மில்லிமீட்டர்தான், அதனால் பிக்கட்டினிக்குச் செய்த தடித்த குறுக்குத் தண்டு அதில் இறங்காது. ‘பற்சட்டம்’ இந்த வடிவத்தைச் சரியாகக் காட்டினாலும், பற்சக்கரத்தோடு இயங்கும் சட்டத்துக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே போய்விட்டது. மேலும், ‘துப்பாக்கிச் சட்டம்’ என்று எங்காவது சேர்ந்து வந்தால் படிப்பவர் வழக்கறிஞரைத் தேடிப் போவார். நீண்டு தட்டையாகவும், ஓரம் சரிவாகவும் அமைந்ததைப் பட்டை என்பது இயல்பு. கருவிகளைப் பொருத்தும் பட்டை ஆதலால் ‘பொருத்துபட்டை’ என்கிறேன். பிக்கட்டினி, வீவர் என்ற பெயர்களை முன்னொட்டாக அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

சொல் தனியே நிற்கும்போது நன்றாகத் தெரிவதும் வாக்கியத்தில் இடறுவதும் உண்டு. ஆகவே கையேட்டின் ஒரு பகுதியை இந்தச் சொற்களைக் கொண்டே எழுதிப் பார்த்தேன்:

“தொடாப் பிடிகூட்டைத் தேர்ந்தெடுக்கும்போது கேஸ் பிளாக் (குழலிலிருந்து வாயுவைப் பிரித்து வாயுக்குழாய்க்குத் தரும் உறுப்பு) அதன் உள்விட்டத்துக்குள் எதையும் உரசாமல் அடங்குமா என்று முதலில் பார்க்கவும். அது அடங்காவிட்டால், கேஸ் பிளாக்கைத் தாண்டி நீளும் பிடிகூட்டைப் பொருத்த முடியாது. எம்16 குடும்பத்தைச் சேர்ந்த ஏஆர்-15 வகையில் குழல் நட்டின் மரையில் கிரீஸ் தடவி, 41 முதல் 108 நியூட்டன் மீட்டர் வரையிலான முறுக்குவிசைக்குள் இறுக்கவும். பிடிகூட்டைச் செய்தவர் தம் நட்டுக்கு வேறு அளவு தந்திருந்தால் அதையே கொள்ளவும். வாயுக்குழாய் நுழையும் பள்ளம் நேர்கோட்டுக்கு வரவில்லையென்றால், வரம்புக்குள் அடுத்த பள்ளம்வரை முன்னோக்கியே முறுக்கவும். நேராக்குவதற்காக நட்டைப் பின்னோக்கித் தளர்த்தக் கூடாது. திருகுகளை இறுக்குமுன், பிடிகூட்டின் மேற்பக்கப் பொருத்துபட்டையும் ரிசீவரின் பொருத்துபட்டையும் ஒரே தளத்தில் இருக்கின்றனவா என்று நேர்விளிம்புக் கோல் வைத்துப் பார்க்கவும். பிடிகூடு சிறிது திரும்பியிருந்தாலும் அதன்மேல் மாட்டும் முன்குறி சாய்ந்துவிடும்.”

படித்துப் பார்த்ததில் எனக்கு இடறவில்லை. ‘கேஸ் பிளாக்’ மட்டும் உறுத்துகிறது. அதைத் தனி இழையில் பேசுவோம்.

ரெயில் என்றே விட்டுவிடலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். பேச்சில் விடலாம், நானும் அப்படித்தான் பேசுகிறேன். ஆனால் ‘ரெயில் இல்லாத ரெயில்’ என்று கையேட்டில் எழுத வேண்டி வந்த பக்கத்தில்தான் இந்தக் கேள்வியே எனக்குப் பிறந்தது.

துளைகளைப் பொறுத்தவரை பெரிய சிக்கல் இல்லை. எம்-லாக்குக்கு ‘நீள்துளை’ போதும். கீமாட் துளை பார்க்கவே பழைய பூட்டின் சாவித்துளை போல, பெரிய வட்டமும் அதையொட்டிய குறுகிய பிளவுமாக இருப்பதால் ‘சாவித்துளை’ என்றே சொல்லிவிடலாம். ஒன்று மட்டும் எனக்கு இன்னும் முடிவாகவில்லை: மேலே நான் ‘குழல் நட்டு’ என்று எழுதியிருக்கிறேன், ஆனால் இலங்கை வழக்கில் நட்டுக்குச் ‘சுரை’ என்ற நல்ல சொல் இருக்கிறது. ‘குழற்சுரை’ என்று எழுதினால் இரு கரையிலும் உள்ள பட்டறைக்காரர்களுக்குப் புரியுமா என்பதை, பட்டறையில் கை வைத்துப் பழகியவர்கள் சொன்னால் அதன்படி திருத்திக்கொள்கிறேன்.