புதுப்பிப்பு: வாய்தா மட்டுமே வாங்கிக்கொண்டிருந்த ஜூனியர்

2025 மார்ச்சில் இங்கே புலம்பியிருந்தேன்: வக்கீலாகப் பதிவு செய்து எட்டு மாதம், கையில் மாதம் ஆறாயிரம், வேலை வாய்தா வாங்குவது மட்டும், எல்லாவற்றையும் விட்டுவிட்டு சிவில் நீதிபதி தேர்வுக்கு வீட்டிலிருந்தே படிக்கலாமா என்று. பாதிப் பேர் "விட்டுவிடு" என்றீர்கள். நல்லவேளை, விடவில்லை. அந்த மே 20-ஆம் தேதியே உச்ச நீதிமன்றம், அந்தத் தேர்வுக்கு மூன்று ஆண்டு வக்கீல் தொழில் கட்டாயம் என்று சொல்லிவிட்டது. தற்காலிகப் பதிவு நாளிலிருந்தே கணக்கு என்பதால் எனக்கு 2027 ஜூலையில் முடியும்.

சரி, அதுவரை? "நல்ல வக்கீல் ஆவது" என்ற பெரிய இலக்கைத் தூக்கிப் போட்டேன். மாதம் ஒரு வேலையை முழுசாகக் கற்பது, அவ்வளவுதான். முதலில் செக் மோசடி வழக்கு. செக் திரும்பியது என்று வங்கி மெமோ வந்து 30 நாளுக்குள் நோட்டீஸ், பணம் கட்ட 15 நாள், அப்புறம் ஒரு மாதத்துக்குள் புகார். சட்டப் புத்தகத்தில் படித்ததுதான். ஆனால் நாள் எண்ணுவதில் எங்கே சறுக்கும் என்று காட்டியது சீனியர் அல்ல, எங்கள் குமாஸ்தா அண்ணன். டிசம்பரில் முதல் குறுக்கு விசாரணை. நான்கு கேள்வி, அதில் ஒன்று அசட்டுக் கேள்வி.

சம்பளம்? சென்னை, மதுரை, கோவை தவிர்த்த ஊர்களில் ஜூனியருக்குக் குறைந்தது 15,000 என்ற 2024 உயர் நீதிமன்ற உத்தரவைத் தயங்கித் தயங்கி எடுத்துச் சொன்னேன். பத்தாயிரம் ஆனது. மீதிக்கு அடுத்த வாய்தா.