ஒடிசா, வங்காளம், பீகார்: பெற்றோருடன் ஒரு கோயிற்பயணத்தை எப்படி அமைப்பது?

காவிரிக்கரை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நவம்பர் இறுதியிலோ டிசம்பர் தொடக்கத்திலோ பெற்றோரை அழைத்துக்கொண்டு கிழக்கிந்தியாவின் கோயில்களையும் தொன்மைச் சின்னங்களையும் பார்த்துவர விரும்புகிறேன். பத்து நாள் அளவுக்கு விடுப்பு கிடைக்கும். பூரி ஜெகந்நாதரைச் சேவிக்க வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. அப்பா ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். அவருக்குக் கல்வெட்டும் சிற்பமும்தான் முக்கியம். எனக்குக் கொனாரக்கை நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

ஒரு சுற்றுலா நிறுவனத்தில் விசாரித்தபோது, புவனேசுவரம், பூரி, கொனாரக், சிலிகா ஏரி, கொல்கத்தா, விஷ்ணுபூர், புத்தகயை, நாளந்தா என்று மூன்று மாநிலங்களையும் ஒரே மூச்சில் சுற்றிக் காட்டும் திட்டத்தைக் கொடுத்தார்கள். அதில் புவனேசுவரத்துக்கு அரை நாள். கொனாரக்குக்கு ஒன்றரை மணி நேரம். இது போதுமா? போதாதென்றால் எதைக் கைவிடலாம்? அம்மாவுக்கு மூட்டுவலி இருப்பதால் அதிகமாகப் படியேற இயலாது என்பதையும் கணக்கில் கொண்டு சொன்னால் உதவியாக இருக்கும்.

கல்லும் உளியும் எழுதியது:

அரை நாள் போதவே போதாது. புவனேசுவரத்துக்கு முழுதாக இரண்டு நாள் ஒதுக்குங்கள். அதற்காக வேறு எதைக் கைவிட நேர்ந்தாலும் தயங்க வேண்டாம். கலிங்கக் கட்டடக்கலை 7 ஆம் நூற்றாண்டில் தளிர்விட்டு, 13 ஆம் நூற்றாண்டில் கொனாரக்கில் உச்சம் தொட்டது வரையிலான வளர்ச்சி முழுவதும் அந்த ஊரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் படிப்படியாகத் தெரிகிறது. மாமல்லபுரம், காஞ்சி, தஞ்சை, தாராசுரம் என்று நாம் ஊர் ஊராகப் போய்த் தெரிந்துகொள்வதை அங்கே சில தெருக்களுக்குள்ளேயே தெரிந்துகொள்ளலாம். ஆனால் பார்க்கும் வரிசை காலவரிசையாக இருக்க வேண்டும். பெரும்பாலான ஓட்டுநர்கள் முதலில் லிங்கராஜர் கோயிலுக்குத்தான் அழைத்துச் செல்வார்கள். அதற்கு உடன்படாமல், பரசுராமேசுவரர் கோயிலில் தொடங்குங்கள்.

பரசுராமேசுவரர் கோயில் 7 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, அளவில் சிறியது. கருவறைக்கு முன்னால் தட்டையான கூரையோடு ஒரு நீள்சதுர மண்டபம். அதன் சாளரங்களில் ஆடுவோரும் இசைப்போரும். கருவறை வாசலின் மேற்கல்லில் வரிசையாக அமர்ந்திருக்கும் கிரகங்களை அப்பாவை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். எட்டுதான் இருக்கும், கேது இருக்க மாட்டார். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் உள்ள முக்தேசுவரர் கோயில் 10 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அங்கே கேதுவும் சேர்ந்து ஒன்பதாகிவிடும். பிறகு கொனாரக்கில், ஒரு காலத்தில் ஜகமோகனம் என்னும் முன்மண்டபத்தின் வாசலுக்கு மேலே இருந்த மாபெரும் நவக்கிரகக் கல்லைத் தனியே ஒரு கொட்டகையில் வைத்து இன்றும் பூசை செய்கிறார்கள். இந்த மூன்றையும் வரிசையாகப் பார்த்தவருக்கு, ஒரு வழிபாட்டு மரபு கல்லில் எப்படி வளர்ந்தது என்பதை வேறு யாரும் விளக்க வேண்டியதில்லை.

முக்தேசுவரரில் எல்லோரும் தோரண வாயிலைப் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். தோரணம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் மண்டபத்தின் பக்கச் சுவரில் உள்ள சாய்சதுரச் சாளரத்தின் முன் சற்று நேரம் நில்லுங்கள். அதன் சட்டத்தைச் சுற்றிக் குரங்குகளின் சேட்டைகளைச் சின்னஞ்சிறு காட்சிகளாகச் செதுக்கியிருக்கிறார்கள். உள்ளே போனால் நிமிர்ந்து விதானத்தையும் பாருங்கள். ஒடிசாக் கோயில்களின் உட்புறம் பொதுவாக வெறுமையாக இருக்கும். இங்கோ விதானத்தில் விரிந்த தாமரை இருக்கிறது. தூண் மண்டபங்களுக்கும் நீண்ட பிராகாரங்களுக்கும் பழகிய நம் கண்ணுக்கு அந்த வெறுமை முதலில் ஏமாற்றமாகத் தோன்றலாம். கலிங்கச் சிற்பி தன் திறமை முழுவதையும் வெளிச்சுவரில்தான் காட்டினான். ஆகவே சாய்வாக வெயில் விழும் காலையிலும் மாலையிலும் கோயில்களைச் சுற்றி வாருங்கள். நண்பகலில் போனால் எல்லாச் சிற்பமும் தட்டையாகத் தெரியும்.

11 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ராஜாராணி கோயிலில் இப்போது வழிபாடு இல்லை. எட்டுத் திக்குகளிலும் நிற்கும் திசைக்காவலர்களுக்காகவே அதைப் பார்க்க வேண்டும். வைதாள தேவுள் என்னும் கோயிலின் நீண்ட, வண்டிக்கூடு போன்ற கூரை நம் கோபுர உச்சியையும் மாமல்லபுரத்தின் பீம ரதத்தையும் நினைவூட்டும். இவற்றுக்குப் பிறகு லிங்கராஜருக்குப் போனால், ஏறத்தாழ 55 மீட்டர் உயர்ந்து நிற்கும் அந்த விமானம் எத்தனை தலைமுறைகளின் உழைப்பு என்பது தெரியும்.

கொனாரக்குக்கு ஒன்றரை மணி நேரம் என்பது அநியாயம். முதல் நாள் மாலையே போய் அங்கேயே தங்கி, மறுநாள் கதவு திறந்ததும் உள்ளே நுழைந்துவிடுங்கள். முதலாம் நரசிம்மதேவன் எழுப்பிய அந்தக் கோயிலின் தலைமை விமானம் விழுந்துவிட்டது. இன்று நாம் காண்பது அதன் முன்மண்டபமான ஜகமோகனத்தைத்தான். அதுவும் சரிந்துவிடக் கூடாது என்பதற்காக 1903 இல் உள்ளே மணலை நிரப்பி அடைத்துவிட்டதால் உள்ளே போக வழியில்லை. 24 சக்கரங்களில் ஏதேனும் ஒன்றை மட்டும் தேர்ந்துகொண்டு, ஆரங்களின் நடுவே உள்ள வட்டங்களில் என்னென்ன உருவங்கள் இருக்கின்றன என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். 24 ஐயும் ஓடிப் பார்ப்பதைவிட அது நிறைவு தரும். விமானத்தின் மூன்று புறங்களிலும் நிற்கும் சூரியன் சிலைகளைத் தவறவிடாதீர்கள். பச்சை கலந்த கருங்கல்லில், முழங்கால் வரை காலணி அணிந்து நிற்பார். நம் ஊர்ச் சூரியன் வெறுங்காலோடு நிற்பவர் என்பதால் அப்பா உடனே கவனித்துவிடுவார்.

நீலச்சக்கரம் எழுதியது:

பூரியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்; பணி நிமித்தமாக நெடுங்காலம் ஒடிசாவில் வாழ்ந்தவன்.

நீங்கள் தேர்ந்தெடுத்த காலம் நல்ல காலம். ஆனி, ஆடி மாதங்களில் வருவோர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும்: ஸ்நான பூர்ணிமையன்று நீராட்டு முடிந்ததிலிருந்து தேரோட்டம் வரையிலான ஏறத்தாழ பதினைந்து நாள்களுக்கு மூலவர்களின் தரிசனம் கிடையாது. அப்போது பக்தர்கள் பூரிக்கு அருகே பிரம்மகிரியில் உள்ள அலர்நாதரைச் சேவிக்கப் போவார்கள். இது தெரியாமல் பயணச்சீட்டு எடுத்துவிட்டு, வாசல்வரை வந்து வருந்துவோர் பலர். கார்த்திகை மாதம் அங்கே மிகப் புனிதமானது. அதன் இறுதி நாள்களில், குறிப்பாகப் பௌர்ணமியை ஒட்டி, கூட்டம் நெருக்கித் தள்ளும். கார்த்திகைப் பௌர்ணமி கழிந்த பிறகு செல்லும்படி நாளைக் குறியுங்கள்.

கைப்பேசி, புகைப்படக் கருவி, தோல் பொருள் எதற்கும் உள்ளே அனுமதி இல்லை. இடுப்பு வாரையும் தோல் பணப்பையையும் அறையிலேயே வைத்துவிடுவது நல்லது. 2024 சனவரி முதல் உடைக் கட்டுப்பாடும் நடைமுறையில் இருக்கிறது. வேட்டியும் புடவையும் எந்தக் கேள்விக்கும் இடம் தராதவை. இந்துக்கள் அல்லாதார்க்கு அனுமதி இல்லை என்பதையும், குழுவில் வேறு யாரேனும் வருவதாக இருந்தால், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சிங்க வாசலைக் கடந்தால் 22 படிகள் இருக்கின்றன. கூட்டம் குறைந்த விடியற்பொழுதில், பக்கத்தில் ஒருவர் கைப்பிடித்து அழைத்துச் சென்றால் அம்மா மெதுவாக ஏறிவிடலாம். வழிகாட்டும் பண்டாவை, அதாவது கோயில் பூசாரியை, நீங்கள் தங்கும் இடத்தின் வாயிலாக முன்பே ஏற்பாடு செய்து, காணிக்கைத் தொகையையும் முன்கூட்டியே பேசி முடித்துக்கொள்ளுங்கள். உள்ளே போன பிறகு பேரம் பேசும் நிலை வந்தால் மனம் சாமியிடம் இருக்காது.

தரிசனம் முடிந்ததும் ஆனந்த பஜாருக்கு வாருங்கள். மண்பானைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி விறகடுப்பில் சமைத்த மகாபிரசாதத்தைச் சாதி வேறுபாடு பாராமல் எல்லோரும் ஒன்றாக அமர்ந்து உண்ணும் இடம் அது. சாப்பாட்டு நேரத்தைப் பிற்பகலுக்குத் தள்ளிவைத்துக்கொள்ளுங்கள். நடுப்பகல் நைவேத்தியம் முடிந்த பிறகுதான் பிரசாதம் வெளியே வரும்.

சிங்க வாசலுக்கு எதிரே ஓங்கி நிற்கும் அருணத் தூண் முதலில் கொனாரக்கில் இருந்தது. 18 ஆம் நூற்றாண்டில் மராட்டியர் ஆட்சியில் இங்கே கொண்டுவந்து நட்டார்கள். கொனாரக்கைப் பார்த்துவிட்டுப் பூரிக்கு வந்தால், அங்கே விடுபட்ட ஒன்று இங்கே கண்ணில் படும்.

காவிரிக்கரை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. அப்பாவிடம் படித்துக் காட்டினேன். கிரகங்களை எண்ணும் யோசனை அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. ஆனால் அவர் இப்போது வேறொன்று கேட்கிறார். அவ்வளவு தூரம் போகும்போது கயையில் முன்னோர்க்குச் சிராத்தம் செய்துவிட்டு வர வேண்டும் என்கிறார். பழங்காலக் கலிங்க மன்னன் காரவேலனின் கல்வெட்டையும் பார்க்க வேண்டுமாம். கயையைச் சேர்த்தால் வங்காளத்துக்கு நாள் இருக்குமா?

போதிநிழல் எழுதியது:

இருக்காது. கயையைச் சேர்ப்பதானால் வங்காளத்தை விட்டுவிடுங்கள். பூரியிலிருந்து புறப்படும் புருஷோத்தம் விரைவு ரயில் கயை வழியாகத்தான் தில்லிக்குப் போகிறது. இரவில் ஏறினால் மறுநாள் பகலில் இறங்கிவிடலாம். பித்ரு பட்சக் கூட்டம் புரட்டாசியோடு கலைந்துவிடும் என்பதால் நீங்கள் போகும் மாதத்தில் பல்குனி ஆற்றங்கரை, விஷ்ணுபாதம், அட்சயவடம் மூன்றிலும் அமைதியாகக் காரியம் செய்யலாம். இப்போதுள்ள விஷ்ணுபாதக் கோயில் 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் அகல்யாபாய் ஹோல்கர் எழுப்பியது.

சிராத்தத்துக்கு ஒரு நாள், புத்தகயைக்கு ஒரு நாள், நாளந்தாவுக்கும் ராஜகிருகத்துக்கும் சேர்த்து ஒரு நாள் என்று வைத்துக்கொண்டால் நெருக்கடி இராது. நாளந்தாவின் தலைவராக விளங்கிய தர்மபாலர் காஞ்சியில் பிறந்தவர் என்று சீனப் பயணி சுவான்சாங் எழுதியிருப்பதை அப்பா அறிந்திருப்பார். அந்தச் செங்கல் விகாரைகளின் நடுவே அதை நினைத்துக்கொண்டு நடப்பது தனி அனுபவம்.

கயைக்கு வடக்கே பராபர் குன்றுகளில், அசோகன் ஆசீவகத் துறவிகளுக்கு வழங்கிய குடைவரைகள் இருக்கின்றன. கருங்கல்லைக் குடைந்து, முகம் தெரியுமளவுக்குச் சுவரை மெருகேற்றியிருக்கிறார்கள். தமிழ்க் காப்பியங்களில் நாம் படிக்கும் ஆசீவகர்களின் கைக்கெட்டும் சான்று அது. ஆனால் ஏற்றம் உண்டு. அம்மாவைக் கயையில் ஓய்வெடுக்க வைத்துவிட்டு நீங்களும் அப்பாவும் மட்டும் போய்வரலாம்.

சுடுமண் எழுதியது:

வங்காளத்தைக் கைவிடச் சொல்வதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆகவே அடுத்த பயணத்துக்காகவேனும் சிலவற்றைச் சொல்லிவைக்கிறேன். கட்டுமானக் கல் எளிதில் கிடைக்காத வண்டல் நிலத்தில், ஆற்று மண்ணைச் செங்கல்லாகச் சுட்டே ஒரு கோயிற்கலையை உருவாக்கியவர்கள் அந்த மக்கள். விஷ்ணுபூரில் மல்ல மன்னர்கள் கட்டிய சியாம் ராய் கோயில் 1643 ஐயும், இரண்டு குடிசைகளை ஒட்டவைத்தது போன்ற கூரை கொண்ட ஜோர் பங்களா கோயில் 1655 ஐயும் சேர்ந்தவை. ஜோர் பங்களாவின் சுவரில் அம்புப்படுக்கையில் கிடக்கும் பீஷ்மரும், வேட்டைக்காரர்களும், வீரர்கள் நிறைந்த படகுகளும் உள்ளங்கை அகலச் சுடுமண் பலகைகளில் அடுத்தடுத்து வருகிறார்கள். சியாம் ராயில் கண்ணனைச் சுற்றிக் கோபியர் ஆடும் ராசமண்டல வட்டத்தைத் தேடிப் பாருங்கள்.

கொல்கத்தாவிலிருந்து ரயிலில் காலையில் போய் மாலையில் திரும்பக்கூடிய காலனாவும் இருக்கிறது. 1809 இல் கட்டிய 108 சிவன் கோயில்கள் அங்கே இரண்டு வட்டங்களாக நிற்கின்றன. வெளிவட்டத்தில் 74, உள்வட்டத்தில் 34. படியேற்றம் அதிகம் இல்லாததால் உங்கள் அம்மாவுக்கு ஏற்ற இடம். ஒடிசாவின் கல்லையும் வங்காளத்தின் மண்ணையும் ஒரே பயணத்தில் திணித்தால் இரண்டாவதை அசதியோடுதான் பார்ப்பீர்கள். அந்தக் காரணத்துக்காக மட்டும் போதிநிழல் சொல்வதை ஏற்கிறேன்.

கல்லும் உளியும் எழுதியது:

காரவேலனைக் கேட்டதால் மீண்டும் எழுதுகிறேன். புவனேசுவரத்தை ஒட்டிய உதயகிரிக் குன்றில் ஹாதிகும்பா குகையின் நெற்றியில் 17 வரிகளில் அவனுடைய கல்வெட்டு இருக்கிறது. பிராகிருத மொழி, பிராமி எழுத்து. 11 ஆம் வரியில் தமிழ் அரசர்களின் கூட்டணியைக் குலைத்ததாகவும், 13 ஆம் வரியில் பாண்டிய மன்னனிடமிருந்து முத்துகள் வந்ததாகவும் சொல்கிறான். எழுத்துகள் மிகவும் தேய்ந்துவிட்டதால், வாசகத்தை அச்செடுத்துக் கையோடு கொண்டுபோகச் சொல்லுங்கள். அம்மா கீழேயே உள்ள ராணிகும்பாவின் முற்றத்தில் அமர்ந்து இரண்டடுக்குச் சிற்ப வரிசைகளைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

புவனேசுவரத்துக்கு அருகே உள்ள தௌளியில், பாறையிலிருந்து வெளிவருவதுபோல் செதுக்கிய யானையின் முன்பகுதிக்குக் கீழே அசோகனின் கட்டளைகள் இருக்கின்றன. கலிங்கப் போரின் அழிவை எண்ணி அவன் வருந்திய 13 ஆம் கட்டளை மற்ற ஊர்களில் உண்டு. போர் நடந்த கலிங்கத்தில் மட்டும் அதை வெட்டாமல் விட்டுவிட்டு, ‘எல்லா மக்களும் என் பிள்ளைகள்’ என்று கூறும் தனிக்கட்டளைகளை வைத்தான். வென்ற அரசன் தோற்ற மக்களிடம் எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்று யோசித்திருக்கிறான் என்றே நான் கருதுகிறேன்.

இன்னொரு தொடர்பும் உண்டு. பூரியில் இன்றுள்ள பெருங்கோயிலை 12 ஆம் நூற்றாண்டில் தொடங்கியவன் அனந்தவர்மன் சோடகங்கன். கலிங்கத்துப்பரணியில் முதலாம் குலோத்துங்கனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமானிடம் தோற்றோடும் மன்னன் அவன்தான். அவனுடைய தாய் இராஜசுந்தரி சோழ இளவரசி. நம் பரணி பாடிய பகைவன் எழுப்பிய கோயிலில்தான் உங்கள் அம்மா கைகூப்பப் போகிறார் என்று அப்பாவிடம் சொல்லுங்கள்.

நாள் கணக்கு இதுதான்: புவனேசுவரத்தில் மூன்று நாள், கொனாரக்கில் ஓர் இரவு, பூரியில் இரண்டு நாள், மிச்சம் கயைக்கு. மூன்றாவது நாளை உதயகிரிக்கும் தௌளிக்கும், வட்டச் சுவருக்குள் திறந்த வானத்தின் கீழ் 64 யோகினியர் நிற்கும் ஹீராப்பூருக்கும் வைத்துக்கொள்ளுங்கள். சிலிகாவை விட்டுவிடலாம். கொனாரக் நடன விழா டிசம்பர் 1 முதல் 5 வரை நடக்கும். அந்த நாள்களில் போவதானால் தங்கும் அறையை இப்போதே பதிவுசெய்துவிடுங்கள். தொல்லியல் துறையின் கொனாரக் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால், கொனாரக்குக்கு வேறு கிழமையைத் தேர்ந்துகொள்ளுங்கள்.