கையேட்டில் 5டபிள்யூ-30, ஊற்றியது 20டபிள்யூ-50: காலையில் ஐந்து நொடி ‘டக டக’ சத்தம், உதவுங்கள்

கேள்வி

வணக்கம். என் பெட்ரோல் காருக்குப் பதினொரு வயது. 1,40,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மூன்று வாரங்களுக்கு முன் ஆயில் மாற்றினேன். கையேட்டில் 5டபிள்யூ-30 என்று இருக்கிறது. பட்டறையிலோ, “இத்தனை வயதான இன்ஜினுக்குக் கெட்டியான ஆயில்தான் நல்லது” என்று சொல்லி 20டபிள்யூ-50 ஊற்றினார்கள். எண் பெரிதாக இருக்கிறதே என்று நானும் தலையாட்டிவிட்டேன்.

மறுநாள் காலை சாவியைத் திருப்பியதும் இன்ஜினின் மேல்பகுதியில் டக டகவென்று சத்தம். கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன், ஐந்து நொடி. ஆயில் அழுத்த விளக்கும் முன்பைவிடத் தாமதமாக அணைகிறது. இரவு முழுவதும் நின்றால்தான் இப்படி. ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டு எடுத்தால் சத்தமே இல்லை. டிப்ஸ்டிக்கில் அளவு மேல்கோட்டைத் தொடுகிறது. இன்ஜினுக்குக் கேடு வந்துவிடுமா? இந்த எண்களுக்கு என்னதான் பொருள்?

மறுமொழி 1

பதறாதீர்கள். ஆனால் அப்படியே விட்டுவிடவும் வேண்டாம். அந்த எண்கள் தரத்தைக் குறிப்பவை அல்ல, பாகுத்தன்மையை, அதாவது ஆயில் எவ்வளவு கெட்டி என்பதைக் குறிப்பவை. டபிள்யூ என்றால் விண்டர், குளிர்காலம். அதற்கு முன்னால் உள்ள எண், ஆயில் உறைகுளிரில் எப்படி நடந்துகொள்கிறது என்பதைச் சொல்கிறது. 5டபிள்யூ ஆயிலை மைனஸ் 30 டிகிரியில் சோதிப்பார்கள். 20டபிள்யூ ஆயிலை மைனஸ் 15-இல் சோதித்தால் போதும். பின்னால் உள்ள எண் 100 டிகிரி செல்சியஸில் எடுத்த அளவு. 30 என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் (பாகுத்தன்மையின் அலகு) வரை. 50 என்றால் 16.3 முதல் 21.9 வரை. எஸ்ஏஈ என்ற வாகனப் பொறியாளர் அமைப்பு வகுத்த வரம்புகள் இவை. 30, 50 என்பவை அந்த வரம்புகளின் பெயர்கள்தான். எதையும் 30 என்று அளந்து வைத்த எண் அல்ல.

கேட்டவர்

நன்றி ஐயா. அப்படியானால் 5டபிள்யூ-30 ஆயில் குளிரில் இளகலாக இருந்து, சூடானதும் கெட்டியாகிவிடுமா?

மறுமொழி 1

இல்லை. பலருக்கும் இந்த இடத்தில்தான் தடுமாற்றம் வருகிறது. எந்த ஆயிலும் சூடானால் இளகத்தான் செய்யும். சேர்த்திருக்கும் பாலிமர் அந்த இளகலின் வேகத்தைக் குறைக்கிறது, அவ்வளவே. வழக்கமான 5டபிள்யூ-30 ஆயில் 40 டிகிரியில் 60 சென்டிஸ்டோக்கை ஒட்டி இருக்கும். 100 டிகிரியில் பத்து, பதினொன்றுக்கு இறங்கிவிடும். 20டபிள்யூ-50 அதே 40 டிகிரியில் 150-க்கும் மேல். காலையில் இன்ஜின் 40 டிகிரியில்கூட இருக்காது. அப்போது இரண்டுக்கும் இடைவெளி இன்னும் பெரிது. உங்கள் ஊரில் பனி உறையாவிட்டாலும் இந்த வேறுபாட்டை இன்ஜின் உணரும்.

மறுமொழி 2

எனக்கு இதில் மாற்றுக் கருத்து உண்டு. என் பழைய வண்டி ஆயில் குடித்துக்கொண்டிருந்தது. 20டபிள்யூ-50 ஊற்றிய பிறகு குறைந்தது, ஆயில் அழுத்தமும் ஏறியது. கெட்டியான ஆயில் பேரிங்கில் தடித்த படலமாக நிற்கும். பட்டறைக்காரர் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

மறுமொழி 3

நண்பரே, உங்கள் வண்டியின் கையேடு அந்த ஆயிலை அனுமதித்திருந்தால் நீங்கள் செய்தது சரி. ஆனால் அழுத்தம் ஏறியதை வைத்து உயவு கூடிவிட்டது என்று சொல்ல முடியாது. அழுத்தமானி காட்டுவது ஆயில் சந்திக்கும் தடையை. குளிர்ந்த, கெட்டியான ஆயிலை பம்ப் தள்ளும்போது அழுத்தம் ஏறி, மிகை அழுத்தத்தை வெளிவிடும் ரிலீஃப் வால்வு திறக்கும். ஒரு பகுதி ஆயில் மேலே போகாமலே திரும்பிவிடும். மானியில் நல்ல அழுத்தம், மேலே வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட்டுக்கோ தாமதம். வால்வு நேரத்தை ஆயில் அழுத்தத்தால் மாற்றும் இன்ஜின்களுக்கு இந்தத் தாமதம் இன்னும் தொல்லை.

கேள்வி கேட்டவருக்கு: ஆயிலோடு ஃபில்டரையும் மாற்றினார்களா? அது எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது? ஒரு மணி நேரத்தில் வராத சத்தம் இரவு நின்றால் மட்டும் வருகிறது என்றீர்களே, அதனால்தான் கேட்கிறேன்.

கேட்டவர்

மாற்றினார்கள். இன்ஜினின் பக்கவாட்டில் படுக்கைவாட்டமாக இருக்கிறது.

மறுமொழி 3

அப்படியானால் எனக்கு ஃபில்டர் மேல்தான் முதல் சந்தேகம். படுத்திருக்கும் ஃபில்டரிலிருந்து ஆயில் எளிதில் வடிந்துவிடும். உள்ளே, வெளிவட்டத் துளைகளை மூடியபடி ஒரு ரப்பர் வளையம் இருக்கும். இன்ஜின் நின்றதும் ஆயில் அடித்தொட்டியான சம்ப்புக்குத் திரும்பிவிடாமல் தடுப்பது அதன் வேலை. அது விறைத்துப்போனாலோ சரியாகப் படியாவிட்டாலோ இரவெல்லாம் ஆயில் கசிந்து இறங்கிவிடும். காலையில் பம்ப் முதலில் வெறும் ஃபில்டரை நிரப்ப வேண்டும். கெட்டி ஆயிலாக இருந்தால் அதற்கு இன்னும் நேரம் பிடிக்கும்.

ஆயில், ஃபில்டர் இரண்டையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள், எது காரணம் என்று தெரியாமல் போய்விடும். முதலில் ஃபில்டரை மட்டும் மாற்றிவிட்டு, இறங்கிய ஆயிலை அதே ஆயிலால் ஈடுசெய்யுங்கள். நான்கைந்து காலை கேட்டுப் பாருங்கள்.

மறுமொழி 4

இடையில் ஒரு வேண்டுகோள். இதைப் படித்துவிட்டு யாரும் கார் ஆயிலை மோட்டார் சைக்கிளில் ஊற்றிவிட வேண்டாம். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கிளட்ச் அதே ஆயிலில்தான் நனைந்திருக்கிறது. உராய்வைக் குறைக்கும் பொருள் சேர்த்த கார் ஆயிலால் கிளட்ச் வழுக்கும். கேனின் பின்புறம் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 (நனைந்த கிளட்ச்சுக்கு ஏற்ற ஆயில் என்ற தரக்குறி) என்று இருக்கிறதா பாருங்கள். என் தம்பியின் வண்டியில் இப்படி நேர்ந்து, மேட்டில் இன்ஜின் இரைந்ததே தவிர வண்டி நகரவில்லை.

கேட்டவர்

ஃபில்டரை மாற்றி ஐந்து நாள் ஆகிறது. பழையதன் துளைகள் வழியே குச்சியால் ரப்பரை அழுத்திப் பார்த்தேன். அட்டைபோல விறைத்து, ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. புதியதில் விரல் நுனிக்கே வளைந்து கொடுத்தது. சத்தம் ஐந்து நொடியிலிருந்து இரண்டாகக் குறைந்திருக்கிறது. இனி ஆயிலையும் மாற்றலாமா? 5டபிள்யூ-40 என்றால் நடுவாக இருக்குமா?

மறுமொழி 1

கையேட்டில் எந்த வெப்பநிலைக்கு எந்த ஆயில் என்ற பட்டியல் இருக்கும். அதில் 5டபிள்யூ-40 இருந்து, உங்கள் இன்ஜின் ஆயிலும் குடிக்கிறது என்றால் யோசிக்கலாம். குடிக்கவில்லையென்றால் 5டபிள்யூ-30 போதும். எண்ணோடு நிறுத்தாமல், கையேடு கேட்கும் ஏபிஐ (அமெரிக்க) அல்லது ஏசிஇஏ (ஐரோப்பிய) தரமும் கேனில் இருக்கிறதா பாருங்கள். எண் ஒன்றாகவே இருந்தாலும் உள்ளே சேர்த்த பொருள்கள் வேறாக இருக்கலாம்.

கேட்டவர்

ஆயில் குறையவில்லை, அதனால் 5டபிள்யூ-30 ஊற்றிவிட்டேன். கையேட்டில் ஏபிஐ எஸ்எம், கேனில் எஸ்பி. எஸ்பி பிந்தையது என்பதால் பழையதற்கும் பொருந்தும் என்று விசாரித்துக்கொண்டேன். இன்று மூன்றாவது காலை. கதவைத் திறந்து வைத்துக் காது கொடுத்துக் கேட்டேன். ஒரே ஒரு ‘டக்’, உடனே விளக்கு அணைந்துவிட்டது. பொறுமையாக விளக்கிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.